வண்டியில் ஒரு பேசும் கருவி

ஆவடியிலிருந்து உறவினர் இரண்டு வேன்களில் புறப்படுகின்றனர். பூவிருந்தவல்லிச் சந்திப்பில் முதல் வேன் கடந்துவிட, அடுத்தது சிவப்பு விளக்கில் நின்றுவிடுகிறது. இத்தகைய வேளைக்கென ‘சிட்டிசன் பேண்ட்’ வானொலியை வண்டியில் பொருத்த எண்ணுவோர் உளர். 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்க லாரி ஓட்டுநர்கள், எரிபொருள் எங்கே கிடைக்குமென ஒருவருக்கொருவர் அறிவித்தது இக்கருவியின் வாயிலாகவே.

நம் நாட்டில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருத்தலையே குற்றமாக்கியது. 2005-ஆம் ஆண்டு விதிகள் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை விலக்களித்தன. ஆயினும் ஆற்றல் 5 வாட்டுக்கு மிகலாகாது. ஏரியல் கருவியோடு இணைந்ததாகவே இருத்தல் வேண்டும். எனவே, வெளிநாட்டுத் திரைப்படங்களில் காண்பதுபோல் கூரைமேல் நீண்ட ஏரியல் நாட்டுவது அவ்விலக்கில் அடங்காது. விற்பவர் இதைச் சொல்வாரென எதிர்பார்க்க வேண்டா!

ஆகவே கையடக்கக் கருவியே நமக்குரியது. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதற்குச் சிறு ஏரியல் போதாது. வண்டியின் இரும்புக் கூடும் அலையைத் தடுக்கும். ஆதலால் சன்னற் கண்ணாடியருகே பிடித்துப் பேசுக. நெடுந்தொலைவு எட்டுமென நம்பற்க.

பொத்தானை அழுத்திப் பேசி, விட்டபின்னரே கேட்க இயலும். இருவர் ஒருசேர அழுத்தினால் எவர் சொல்லும் மற்றவருக்கு எட்டாது. ஓட்டுநர் கையில் கருவியைக் கொடுத்தலாகாது, அருகிலிருப்பவர் பேசட்டும். அதே சானலில் அயலாரும் கேட்கக்கூடுமாதலால், வீடு பூட்டிக் கிடக்கும் செய்தியை அங்கே பேசாதிருங்கள்.