போகிக்குக் காமிராவைத் தூக்கிப் போட்டவர்களுக்கு

நீளமான பதிவு. கோபமான பதிவும்கூட. பொங்கல் முடிந்து ஆறட்டும் என்று மூன்று நாள் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

போகி அன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் ஒரு போட்டோ போட்டான். வாசலில் கிழிந்த பாய், ஒடிந்த முறம், பழைய மிக்சி. அதன் மேல் ஒரு ஹேண்டிகேம். பக்கத்தில் மஞ்சப்பை நிறைய கேசட். "பரண் காலி" என்று எழுதியிருந்தான். வரிசையாகக் கட்டைவிரல் காட்டினீர்கள். "அதை மட்டும் எடுத்து வையடா" என்று நான் எழுதியதற்கு, பழையது போய்ப் புதியது வரும் நன்னூல் சூத்திரத்தை எனக்கே அனுப்பினான். முப்பத்து மூன்று வருடம் அதைப் பாடம் நடத்தியவன் நான். தம்பி, அது சொல் வழக்கைப் பற்றியது. உன் பாட்டி தாலாட்டுப் பாடிய கேசட்டைப் பற்றிப் பவணந்தி முனிவர் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் என் தொல்லை தாங்காமல் கேசட் பையை மட்டும் உள்ளே எடுத்து வைத்தானாம். காமிராவை எடைக்குப் போட்டுவிட்டான். "மாமா, முக்கியமானது கேசட்தானே?" என்கிறான். இதைத்தான் நம்மில் பாதிப் பேர் செய்திருக்கிறோம். பூட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சாவியைக் காயலான் கடையில் போட்டிருக்கிறோம். அந்தச் சின்னக் கேசட்டை வீட்டு வி.சி.ஆரில் போட முடியாது. அதை ஓட்டக்கூடிய இயந்திரம் பெரும்பாலான வீடுகளில் அந்தக் காமிரா ஒன்றுதான்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை. 2014-ல் நானும் இதையேதான் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

2001-ல் ஆம்பூரில் வேலை பார்த்தபோது காமிரா வாங்க ஆசை வந்தது. கல்யாணக்காரர்கள் தோளில் சுமந்த பெரிய வி.எச்.எஸ். காமிரா நமக்கு ஆகாது, விலையும் கனமும் அதிகம். மினிடிவி அப்போது புதுசு, படம் நன்றாக இருக்கும், கையைக் கடித்தது. ஹை8 மலிவு, ஆனால் நகல் எடுக்க எடுக்க மங்கும். இடையில் டிஜிட்டல்8 என்று ஒன்று, சோனி 1999-ல் கொண்டுவந்தது. ஹை8 கேசட்டிலேயே டிஜிட்டலாகப் பதிவு செய்யும். அதன் பல மாடல்கள் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் ஓட்டும். பர்மா பஜாரில் இரண்டு மணி நேரம் பேரம் பேசி ஒன்று வாங்கினேன். வீட்டில் ஒரு வாரம் சரியாகப் பேச்சில்லை.

ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம்தான். அதனால் யோசித்துத்தான் பட்டனை அழுத்துவோம். சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகளுக்கு நான் வைத்த சட்டங்கள் ஞாபகம் இருக்கிறதா? அழுத்தியதும் பேசாதே, மனதுக்குள் ஐந்து எண்ணு. ஜூம் போடாதே, காலால் நடந்து கிட்டே போ. எல்.பி. வேகத்தில் பதியாதே, அரை மணி மிச்சமாகும் என்று பார்த்தால் நாளைக்கு வேறு காமிராவில் ஓடாது. காற்றடித்தால் மைக்கை உடம்பால் மறை. கேசட் முடிந்ததும் முதுகில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளு, இல்லாவிட்டால் எவனாவது அதன் மேலேயே கிரிக்கெட் பதிவான். (பதிந்தான். யார் என்று பெயர் சொல்லமாட்டேன். இப்போது துபாயில் மேனேஜர்.)

2002 கோடையில் அந்தப் பிள்ளைகளோடு பாலாற்றங்கரையில் ஒரு பெரியவரைப் படம் பிடித்தோம். தோல் ஷாப்பில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தைச் சொன்னார். எழுபதுகளில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்து, குரோமியம் பரவியதைச் சொன்னார். ஆற்று மணலில் கையால் ஊற்று தோண்டித் தண்ணீர் குடித்த இடத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது உங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதிலிருந்துதான் படிக்கிறார்கள். ஆனால் அந்த 35,000 ஹெக்டேரில் ஒரு குழி நிலத்துக்காரர் எப்படிப் பேசினார், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார் என்பது தீர்ப்பில் கிடையாது. அது கேசட்டில் இருந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் முகம்.

அவருடைய பேரன் போன நவம்பரில் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். செருப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். "சார், தாத்தா போட்டோகூட எங்ககிட்ட சரியா இல்ல. நீங்க எடுத்த படத்தைக் கொழந்தைக்குக் காட்டணும்." கேசட் என் பீரோவில் இருந்தது, லேபிளோடு. காமிரா இல்லை. 2014-ல் வீடு மாறும்போது நானே எடைக்குப் போட்டிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய வாத்தியார், அந்தப் பையன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

"போன்ல எல்லாம் இருக்கு சார்." இருக்கிறது. படத்தின் தெளிவில் என் பழைய காமிரா உன் போன் பக்கத்தில் நிற்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். 2002-ல் செத்தவரை உன் போன் எடுக்குமா? அதுதான் கேள்வி.

"நாங்க அப்பவே கடையில கொடுத்து சி.டி. போட்டாச்சு." அங்கேதான் பலர் ஏமாந்தார்கள். வி.சி.டி. ஆக்கும்போது படத்தை நசுக்கித்தான் ஏற்றுவார்கள். மேலே மணி ஓசை, ரோஜாப்பூ கிராபிக்ஸ், சினிமாப் பாட்டு. பேச்சு போயே போச்சு. அந்த சி.டி.யே இப்போது எத்தனை வீட்டில் ஓடுகிறது? மூலம் கேசட்தான். அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

"ரீல்ஸுக்காக நான் ஒன்று வாங்கிட்டேன் தாத்தா" என்று பேத்தி சொல்கிறாள். பழைய காமிராவின் மங்கல் இப்போது ஃபேஷனாம். வாங்கு கண்ணு, சந்தோஷம். ஆனால் பதியாத புதுக் கேசட்டைத் தேடி அலைவதற்கு முன், வீட்டில் பதிந்து கிடக்கிற கேசட்டை அதில் ஒரு தரம் ஓட்டு.

"அவசரம் என்ன?" அவசரம் இருக்கிறது. உலகின் கடைசி வி.சி.ஆர். தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. காந்த நாடாவில் இருப்பதை ஏறத்தாழ 2025-க்குப் பிறகு ஓட்டிப் பார்ப்பதே கடினமாகிவிடும் என்று 2019-லேயே யுனெஸ்கோவின் ஒரு திட்டமும் ஒலி, காட்சிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து மணி அடித்தன. போதாததற்கு நம் வேலூர் வெயில். மொட்டை மாடிக்குக் கீழே பரணில் இருபது கோடை வெந்த நாடா எவ்வளவு நாள் தாங்கும்?

நான் ரிச்சி தெருவுக்கு மூன்று முறை போனேன். முதல் காமிரா அமெரிக்காவிலிருந்து வந்தது, என்.டி.எஸ்.சி. நம் நாட்டுக் கேசட் பால் முறை (ஆவின் இல்லை, ஒளிபரப்பு முறை). சோனியில் மாடல் எண்ணின் கடைசியில் 'இ' என்ற எழுத்து இருந்தால் பால் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது, டிஜிட்டல்8-தான், ஆனால் பிற்கால மலிவு மாடல்; என் கேசட் ஓடியது, தங்கை வீட்டுப் பழைய ஹை8 ஓடவில்லை. கேசட் உள்ளே போகும்போது கரகரவென்று சத்தம் வேறு. மூன்றாவதுதான் அமைந்தது. கடையிலேயே வேண்டாத கேசட்டைப் போட்டு ஐந்து நிமிடம் பதிந்து, சுற்றி, ஓட்டிப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தேன். லென்ஸ் கீறலைப் பற்றிக் கவலைப்படவில்லை. நமக்கு வேண்டியது ஓட்டுகிற வயிறு.

கணினியில் ஏற்றுவதற்கு யு.எஸ்.பி. துளையில் செருகாதீர்கள், பெரும்பாலான மாடல்களில் அதில் வருவது மங்கிய சின்னப் படம். ஐலிங்க் என்று எழுதிய துளை, அதாவது பயர்வயர், அதுதான் வழி. புது லேப்டாப்பில் அது கிடையாது. பழைய மேசைக் கணினியில் ஒரு கார்டு போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரக் கேசட் சுமார் 13 ஜி.பி. வரும். நசுக்காமல் அப்படியே இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

பெரியவர் கேசட்டில் நாற்பத்தோரு நிமிடம் தேறியது. ஊற்று தோண்டிய இடத்தைக் காட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் நிற்கவில்லை. பேரன் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். மூன்றாவது நிமிடத்திலேயே எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். குழந்தை மட்டும் முழுசாகப் பார்த்தது.

காமிரா என் மேசை மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வாருங்கள். தங்கை மகனே, உன் மஞ்சப்பையோடு முதலில் நீ வா, உன் மேல் கோபம் ஆறிவிட்டது. 8 மி.மீ. கேசட் மட்டும்தான் என்னால் முடியும். மினிடிவி வைத்திருப்பவர்கள், உங்களில் யாரிடமாவது ஓடுகிற காமிரா இருந்தால் கீழே எழுதுங்கள். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதை எந்தக் காமிராவிலும் போட்டுவிடாதீர்கள், ஹெட் கெட்டுப்போகும், தனியாகக் கொண்டுவந்து காட்டுங்கள். வெயிலில் வண்டி டேங்க் கவரில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.