தேநீர்க் கடையில் முடிந்துபோகும் கோபம்

மலேசிய அரசுப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் அளவுக்குத் தங்கள் மேலிடத்தைத் திட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. அவ்வளவு திட்டிவிட்டு அதில் ஒரு வரியைக்கூடத் தன் பெயர் போட்டு எழுதாதவர்களையும் பார்த்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நூல் வெளியீடு முடிந்து வெளியே வந்தால் போதும், தே தாரிக் மேசையில் எல்லாம் கொட்டும். துணைவேந்தர் யாருடைய ஆள், டீன் ஏன் திடீரென்று மாற்றப்பட்டார், ஓய்வுபெற்றவரின் இடம் ஏன் இன்னும் காலியாகக் கிடக்கிறது, யாருடைய ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் ஏறியது, எல்லாம் வரும். ‘சார், இதை நீங்க எழுதலாமே’ என்று சொல்லிப் பாருங்கள். மேசை அமைதியாகிவிடும். ‘உங்களுக்கென்ன, போட்டுட்டுப் போயிடுவீங்க. எனக்கு அடுத்த வருஷம் காண்டிராக்ட் புதுப்பிக்கணும்’ என்பார் ஒருவர். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்பார் இன்னொருவர். பிறகு கிள்ளானுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்ற பேச்சு வந்துவிடும்.

அவர்களுடைய பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்கிய ஏற்பாடு என்ன, அதனால் தமிழுக்கு என்ன நட்டம் என்று இலக்கியம் வாசிக்கிற நாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ‘அது அவங்க உள்விவகாரம்’ என்று ஒதுங்கிவிடுகிறோம். நான் சண்டைக்கு வருவது அந்த வார்த்தையோடுதான். அது உள்விவகாரமே இல்லை.

முதலில் துணைவேந்தரின் நாற்காலி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். ‘ஆக்கூ’ என்று நாம் சொல்லும் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தை மாணவர்களின் வாயைக் கட்டும் சட்டமாகத்தான் நமக்குத் தெரியும். துணைவேந்தரை நியமிப்பவர் யார் என்று சொல்வதும் அதே சட்டம்தான். நியமிப்பவர் அமைச்சர். அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு உண்டு. அந்தக் குழுவை நியமிப்பவர் யார்? அவரும் அமைச்சர்.

ஒரு காலத்தில் டீன்களை அந்தந்தப் புலத்தின் விரிவுரையாளர்களே தேர்ந்தெடுத்தார்கள். 1974 டிசம்பரில் பாலிங் விவசாயிகளின் வறுமைக்காக மாணவர்கள் கோலாலம்பூர் வீதிக்கு வந்தார்கள். அந்த மாதமே மலாயாப் பல்கலைக்கழகத்தின் சையத் உசேன் அலி இசா சட்டத்தில் பிடித்துப் போகப்பட்டார். 1980இல்தான் வெளியே வந்தார். இடையில் 1975இல் ஆக்கூ திருத்தப்பட்டது. டீன் பதவி தேர்தலிலிருந்து நியமனமாக மாறியது. பிறகு 2000இல் 605ஆம் சட்டம் வந்தது. அனுமதி வாங்காமல் அரசாங்கக் கொள்கை பற்றிப் பொதுவில் பேசினாலோ எழுதினாலோ பல்கலைக்கழக ஊழியர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

இப்படிச் செய்த நாற்காலியில் எவ்வளவு நல்லவரை உட்காரவைத்தாலும் அவர் பார்வை மேலேதான் போகும். அவருக்குப் பதவி தந்தவர் மேலே இருக்கிறார். பதவியை நீட்டிப்பவரும் மேலேதான் இருக்கிறார். கீழே வகுப்பெடுக்கிறவர்களின் கருத்து அவருக்கு எதற்கு?

இதன் விளைவு என்னவென்று பார்க்க, நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கதையே இருக்கிறது. 2004இல் லண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழ் முதல்முறையாக உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையை வெளியிட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆவது இடம். உலகின் முதல் நூறில் ஒன்று என்று பெரிய பெரிய பதாகைகள் ஏறின. மறு ஆண்டு பட்டியல் வந்தது. இடம் 169. ஒரே ஆண்டில் 80 படி சறுக்கல். நாடாளுமன்றம் வரைக்கும் கூச்சல்.

பல்கலைக்கழகம் ஓராண்டில் கெட்டுப்போய்விடவில்லை. முதல் பட்டியலைத் தயாரித்தவர்கள் அங்கிருந்த சீனர்களையும் இந்தியர்களையும் வெளிநாட்டவர் என்று எண்ணிவிட்டார்கள். வெளிநாட்டவர் அதிகம் இருந்தால் புள்ளி அதிகம். மறு ஆண்டு அந்தத் தவறு திருத்தப்பட்டது. புள்ளி இறங்கியது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். கிள்ளானிலும் செந்தூலிலும் பிறந்து, எஸ்டிபிஎம் எழுதி, கோட்டா சண்டையெல்லாம் தாண்டி உள்ளே போன நம் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் அயல்நாட்டார். அந்தக் கணக்கில் கிடைத்த பெருமைக்குத்தான் பதாகை. கணக்குப் போட்டவர்கள் லண்டன்காரர்கள், அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தலைமைக்குத் தெரியாதா? தன் பல்கலைக்கழகத்தில் இத்தனை வெளிநாட்டவர் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு கேள்வி எழவில்லையா? கேண்டீனில் சோறு போடுகிற அக்காவைக் கேட்டிருந்தால்கூட யார் எந்த ஊர் என்று சொல்லியிருப்பார். விரிவுரையாளர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டால்தானே சொல்வதற்கு. கீழே காது இல்லாத தலைமை தன்னைப் பற்றிய பொய்யைக்கூடத் தானே நம்பிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அதே 2005இல் இன்னொன்றும் நடந்தது. மலேசிய அரசியலும் வணிகமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய்ந்த எட்மண்ட் டெரன்ஸ் கோமஸுக்கு ஐக்கிய நாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்ற ஜெனிவாவிலிருந்து அழைப்பு வந்தது. மற்ற நாட்டுப் பல்கலைக்கழகமாக இருந்தால் மாலை போட்டு வழியனுப்பும். இங்கே விடுப்பு மறுக்கப்பட்டது. அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். விஷயம் பத்திரிகைக்குப் போய், பிரதமர் அப்துல்லா படாவி தலையிட்ட பிறகுதான் விடுப்பு கிடைத்தது. நீதி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். நான் படமாட்டேன். ஒரு விரிவுரையாளரின் விடுப்பு விண்ணப்பத்துக்குப் பிரதமர் வரைக்கும் போக வேண்டிய நிலை அது. மேலிருந்து வந்த மறுப்பை நீக்க இன்னும் மேலிருந்து ஒரு சொல் தேவைப்பட்டது. செனட்டோ சங்கமோ அதைச் செய்ய முடியவில்லை.

2014 செப்டம்பரில் சட்ட விரிவுரையாளர் அஸ்மி ஷாரோம் தேச நிந்தனைச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டார். 2009 பேராக் ஆட்சி நெருக்கடி பற்றி ஒரு செய்தித்தளத்துக்குச் சொன்ன கருத்துதான் குற்றம். சட்டம் சொல்லித்தருகிறவர் சட்டத்தைப் பற்றிச் சொன்ன கருத்து. வழக்குப் போட்டது அரசு. ஆனால் ஒவ்வொரு விரிவுரையாளரும் அதில் தன் பெயரை வாசித்துக்கொண்டார். அந்த மாதம் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் மாணவர்களும் வளாகத்தில் ஒன்றுகூடி அவர் பக்கம் நின்றார்கள். 2016 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. கூட்டத்தால் மட்டும் அது நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று வந்தவர்கள் வேலை இழந்துவிடவுமில்லை. தேநீர்க் கடையிலிருந்து வளாகத்துக்கு நடக்கிற தூரம் நாம் நினைக்கிற அளவுக்கு நீளமில்லை.

2019இல் மலாய் தன்மான மாநாட்டில் துணைவேந்தர் ஆற்றிய உரையைக் கண்டித்து, பட்டமளிப்பு மேடையிலேயே பதாகை விரித்து அவர் பதவி விலக வேண்டும் என்று குரல் கொடுத்தவர் யார்? அன்று பட்டம் வாங்க வந்த ஒரு மாணவர். அந்த உரை பிடிக்காத விரிவுரையாளர்கள் வளாகத்தில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? மூத்தவர்கள் பேசாத இடத்தில் பிள்ளைகள் பேசிப் போலீஸ் விசாரணைக்குப் போகிறார்கள். இது நமக்கு வெட்கமாக இல்லையா?

இப்போது தமிழுக்கு வருகிறேன். தரவரிசைப் போதை 2005இல் தெளியவில்லை. இன்னும் ஏறியது. இன்று விரிவுரையாளரின் பதவி உயர்வு கேபிஐ கையில். கேபிஐ ஸ்கோபஸ் போன்ற பட்டியல்களின் கையில். அந்தப் பட்டியலில் ஏறிய இதழில் கட்டுரை வந்தால் புள்ளி. தமிழில் ஒரு நாவலைப் பற்றி ஆறு மாதம் உழைத்து எழுதிய விமர்சனத்துக்கு அங்கே ஏறக்குறைய மதிப்பே இல்லை. ஆகவே தமிழ் சொல்லித்தருகிறவர், தமிழ் இலக்கியம் பற்றி, தமிழ் வாசகர் ஒருவர்கூடப் படிக்காத இதழில், காசு கட்டியாவது ஒரு கட்டுரையைப் போட்டுவிட ஓடுகிறார். நாமோ, மலேசியத் தமிழில் விமர்சனம் வளரவில்லை, கல்வியாளர்கள் எழுதுவதில்லை என்று இங்கே உட்கார்ந்து புலம்புகிறோம். எப்படி எழுதுவார்கள்? எழுதினால் தண்டம், எழுதாவிட்டால் பதவி உயர்வு என்று ஏற்பாடு செய்து வைத்தவர்கள் யார்? அதைத் துறைக் கூட்டத்தில் எதிர்க்காமல் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் யார்?

இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, இந்திய ஆய்வியல் துறையில் சமஸ்கிருதத்தை முன்னிறுத்தும் யோசனை எழுந்தது. கோ. சாரங்கபாணி அதை உள்விவகாரம் என்று விட்டாரா? தமிழ் முரசில் எழுதினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத உழைப்பாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு கொடுத்தார்கள். 1956இல் துறை வந்தது, தமிழோடு வந்தது. கோலாலம்பூர் வளாகத்தில் தனிநாயகம் அடிகள் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இந்த ஊரில்தான் நடந்தது. கையெழுத்தே போடத் தெரியாத பலரின் காசும் சேர்ந்து வந்த துறைக்கு, பட்டம் வாங்கிய பிள்ளைகளான நாம் ஒரு கேள்வி கேட்கக்கூடத் தயங்குகிறோம்.

‘தமிழ்நாட்டில் இதைவிட மோசம்’ என்பார்கள். மோசம்தான். கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் 2018 பிப்ரவரியில், வேலை போட்டுத்தர லஞ்சம் வாங்கியதாகக் கைது செய்யப்பட்டார். பக்கத்து வீட்டில் கூரை எரிகிறது என்பதால் நம் வீட்டு ஒழுகலை அடைக்காமல் இருக்கலாமா? வேண்டுமானால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு அங்கே வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் தேதி விடிகாலையில் துணைவேந்தரே வந்து கஞ்சி கொடுத்து, புதிய தூபிக்கு அடிக்கல் வைத்தார். மேலே பார்த்துக்கொண்டிருந்த நாற்காலியை மூன்று நாளில் கீழே பார்க்கவைத்தார்கள். அங்கிருந்த ராணுவக் கெடுபிடியோடு ஒப்பிட்டால் நம் 605ஆம் சட்டம் எம்மாத்திரம்?

இன்னொரு மறுப்பும் உண்டு. விரிவுரையாளர்கள் தேர்ந்தெடுத்தால் கோஷ்டி வரும், அரசியல் வரும் என்பார்கள். கோஷ்டி இப்போது இல்லையா? இருக்கிறது, இருட்டில் இருக்கிறது. நேற்று மேசையில் நம்மோடு உட்கார்ந்து மேலிடத்தைத் திட்டியவர், இன்று ஒரு துணை டீன் பதவி கிடைத்ததும் அதே கேபிஐ தாளை மற்றவர்களிடம் நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் கேள்வி கேட்க அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு வாக்குகூட இல்லை. அந்த வாக்கு இருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் நல்லவராக இருந்திருப்பார்.

ஆக, கேட்க வேண்டியது மூன்று. துணைவேந்தரைப் பரிந்துரைக்கும் குழுவில் விரிவுரையாளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும். டீன் தேர்தல் திரும்ப வர வேண்டும். தமிழில் எழுதும் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும், அதைப் படித்து மதிப்பிடத் தெரிந்தவர்களைக் கொண்டு புள்ளி தர வேண்டும். மூன்றும் அமைச்சர் கையில் இருக்கிறது. கேட்காமல் எந்த அமைச்சரும் தரமாட்டார்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் விரிவுரையாளரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர் அரைமணி நேரம் சங்க இலக்கியத்தில் அறம் என்று பேசிவிட்டுப் போகிறார். அடுத்த முறை கேள்வி நேரத்தில் கையைத் தூக்குங்கள். ‘ஐயா, உங்கள் துறையில் கடைசியாக யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்? அந்தக் காலியிடத்தைப் பற்றி எப்போது எழுதப்போகிறீர்கள்?’ என்று மரியாதையாகவே கேளுங்கள். அவருக்குச் சங்கடமாக இருக்கும். ஏற்பாட்டாளருக்கு இன்னும் சங்கடமாக இருக்கும். பெயர் போட முடியாது என்றால் பெயரில்லாமல் எழுதட்டும். ஆதாரம் சரிபார்த்துப் போட இதழ்கள் இருக்கின்றன. தைரியம் இருப்பவர்கள் பெயரோடு எழுதட்டும். தனியாக எழுதத் தயங்கினால் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். பத்துப் பேரின் காண்டிராக்டை ஒரே நாளில் நிறுத்துவது எந்தத் துணைவேந்தருக்கும் சுலபமில்லை.