எழுதுமுன்னே சிவப்பு மை

சென்ற வாரம் ஒரு சொந்தக் காரியமாக ஜெயங்கொண்டம் போயிருந்தேன். ஒரு காகிதத்துக்கு நகல் எடுக்க வேண்டியிருந்தது. கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்து, காத்திருந்தவர்களோடு நானும் பெஞ்சியில் உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். பட்டு நெசவாளி. பேத்தியின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வந்திருந்தார். பேத்திக்கு அன்று பரீட்சை. விண்ணப்பத்துக்கோ அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினார். பையன் படிவத்தைத் திறந்தான். திறந்த மாத்திரத்தில், பெட்டிக்குப் பெட்டி சிவப்புக் கோடு!

பெரியவர் முகம் வாடிவிட்டது.

"ஏன் தம்பி, இன்னும் ஒரு எழுத்துகூட எழுதலையே. அதுக்குள்ளே எல்லாம் தப்புங்குதே?"

"அது அப்படித்தான் தாத்தா. எழுத எழுதச் சரியாயிடும்."

அவருக்குச் சமாதானமாகவில்லை. "நமக்குக் கிடையாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டான் போலிருக்கு" என்று காகிதங்களைத் திரும்பப் பையில் வைக்கத் தொடங்கினார். நானும் பையனும் சேர்ந்துதான் அவரைப் பிடித்து உட்கார வைத்தோம்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? விஷயம் சுவாரசியமானது, கேளுங்கள்.

இந்தக் காலத்தில் இணையப் படிவங்களை யாரும் அடியிலிருந்து ஆரம்பித்துக் கட்டுவதில்லை. ஆங்குலர், ரியாக்ட், வ்யூ என்று ஆயத்தச் சட்டங்கள் இருக்கின்றன. ஆங்குலர் கூகிள் தந்தது. அது படிவத்திலுள்ள ஒவ்வொரு பெட்டியையும் மூன்று கேள்வி கேட்கிறது. உன்னிடம் யாராவது வந்து போனார்களா? உன்னில் இருப்பதை யாராவது மாற்றினார்களா? உன்னில் இருப்பது செல்லுமா, செல்லாதா? பதிலுக்குத் தக்கபடி பெட்டியின் கழுத்தில் சிறு சீட்டுகளைக் கட்டிவிடுகிறது. நிலைமை மாறினால் சீட்டும் அந்த நிமிஷமே மாறும்.

ஆனால் வர்ணம் பூசுவது ஆங்குலரின் வேலையன்று. அதற்கென்று சி.எஸ்.எஸ். என்ற தனிக் குறிப்பேடு உண்டு. 1996-ல் முறைப்படி வெளியானது. "இன்ன சீட்டு உள்ள பெட்டிக்குச் சிவப்புக் கோடு" என்று அதில் எழுதி வைத்தால் போதும். சீட்டு மாற மாற நிறமும் தானே மாறும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அழகான ஏற்பாட்டில் பிழை நுழைந்தது எப்படி? கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டி காலியாக இருக்கும்போது அது "செல்லாதது"தான். கணக்குப்படி சரி. ஆகவே, "செல்லாதது என்றால் சிவப்பு" என்று மட்டும் எழுதினால், படிவம் திறந்த உடனேயே எல்லாப் பெட்டிகளும் சிவந்துவிடும். "செல்லாதது, அதோடு ஒருவர் வந்து போனதும் உண்டு; அப்போதுதான் சிவப்பு" என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை கூடுதல். பரீட்சை எழுதுமுன்னே விடைத்தாளைத் திருத்துகிற வாத்தியாரை நாம் எங்காவது கண்டதுண்டா?

ஆங்குலரே வேண்டாம், சி.எஸ்.எஸ். மட்டும் போதும் என்பவர்களுக்கும் இதே சங்கடம் வெகு நாள் இருந்தது. ஆள் பெட்டியைக் கையாளும் வரை பொறுத்திருந்து பிறகு சிவக்கிற விதி 2023-ம் ஆண்டின் இறுதிக்குள் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து சேர்ந்துவிட்டது. ஆக, இனிமேல் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஜெயங்கொண்டத்துக் கதைக்கு வருவோம். பையன் மளமளவென்று நிரப்பினான். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஆனால் "அனுப்பு" என்ற பொத்தான் மட்டும் அசையவில்லை. மணி நாலரை. பையன் திரையை மேலும் கீழும் ஓட்டுகிறான், வியர்க்கிறது.

"எங்கேயோ ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு. சார், கொஞ்சம் பாருங்களேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது" என்றான், தாழ்ந்த குரலில்.

பார்த்தேன். தாலுகா என்ற பெட்டி சிவப்பாக நின்றது. காரணம் ஊர்ச் சரித்திரம்! ஜெயங்கொண்டம் முதலில் திருச்சி ஜில்லாவில் இருந்தது. 1995-ல் பெரம்பலூர் ஜில்லாவாயிற்று, 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரில் திரும்பவும் அரியலூர். பேத்தி பிறந்தது 2006-ல். சான்றிதழில் உள்ளபடி பையன் "பெரம்பலூர்" என்று தேர்ந்தெடுத்திருந்தான். ஜில்லாவைத் தொட்டதும் தாலுகாப் பட்டியல் தானே மாறும் அல்லவா? இன்றைய பெரம்பலூர்ப் பட்டியலில் ஜெயங்கொண்டம் அடங்கிய உடையார்பாளையம் தாலுகா ஏது? ராஜேந்திர சோழனின் தலைநகருக்குப் பக்கத்திலே இருக்கிற ஊருக்கு வந்த கதியைப் பாருங்கள்! "அரியலூர்" என்று மாற்றினோம். பட்டியலில் உடையார்பாளையம் வந்தது, பெட்டி பச்சையாயிற்று, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெட்டிக்குக் கீழே "தாலுகாவைத் தேர்ந்தெடுக்கவும்" என்று இரண்டு வார்த்தை இருந்திருந்தால் பையன் ஏன் வியர்த்திருக்கப் போகிறான்? நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லாதீர்கள் என்று உலக இணையக் கூட்டமைப்பு 1999-லேயே எச்சரித்திருக்கிறது. சிவப்பு-பச்சைக் குழப்பம் பெரும்பாலும் ஆண்களுக்குப் பிறவியிலேயே வருவது. கண்பார்வையே இல்லாதவர்கள் திரையைக் குரலாகக் கேட்கிறார்கள். கோட்டின் நிறம் அவர்கள் காதில் எப்படி விழும்? சொல்லாக எழுதி, "இந்தப் பெட்டியில் பிழை" என்ற குறிப்பையும் சேர்த்தால்தான் அந்தக் குரல் படித்துச் சொல்லும்.

வெளியே வந்து பெரியவரோடு டீ குடித்தபோது, இந்தச் சீட்டு விவகாரத்தை அவருக்கு விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார்.

"நம்ம ஜக்கார்டு மாதிரிதான். அட்டையிலே ஓட்டை இருக்கிறபடி இழை தூக்கும், பூ விழும். இங்கே அட்டையைத் தப்பாக் குத்தியிருக்கான். அவ்வளவுதானே? நான் நெய்தது தப்போன்னு பயந்துட்டேன்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையோ பெண்ணோ சென்னையிலோ பெங்களூரிலோ இந்த அட்டை குத்தும் வேலையில் இருந்தால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்பி வையுங்கள். தாங்கள் செய்த படிவத்தை ஒரு தடவை, எதையும் தொடாமல், திறந்து மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் பையோடு ஒரு தாத்தா எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பார்க்கட்டும்.