துண்டறிக்கையில் அம்மாவைக் காணோம்

சென்னை பிராட்வே பக்கம் ஒரு நடைபாதை. கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் அங்கே வகுப்பு தொடங்கும். தெருவிளக்கு வெளிச்சம், ஒரு தார்ப்பாய், பதினைந்து பிள்ளைகள். தெருவோரக் குழந்தைகளின் படிப்புக்காக நிதி திரட்டும் தொண்டு நிறுவனம் ஒன்றின் தன்னார்வலராக இரண்டு வருடம் அங்கே தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு நவம்பரில், குழந்தைகள் தினத்தை ஒட்டி, நன்கொடை கேட்டு நிறுவனம் துண்டறிக்கை அடித்தது. முகப்பில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் படம். கீழே, ‘இவளுக்கு யாருமில்லை. நீங்கள் இருக்கிறீர்களா?’ கட்டைப் பிரித்தபோது ஒன்றை உருவி, அவளே எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எங்கம்மா இங்கதானக்கா இருக்குது? ஏன் யாருமில்லன்னு போட்டிருக்காங்க?”

அவள் அம்மா பத்தடி தள்ளி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வரியை முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். “இப்படிப் போட்டாத்தான் காசு வரும்” என்று ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த ஆண்டு வந்த பணத்தில்தான் நான்கு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். காய்ச்சலில் கிடந்த குழந்தையை ராத்திரியில் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆட்டோ காசும் அந்தப் பணம்தான். இதை மறைத்துவிட்டுத் தொண்டு நிறுவனங்களைத் திட்டுவது எளிது. என் கேள்வி வேறு. ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க, அவள் அம்மாவை ஏன் படத்திலிருந்து வெட்ட வேண்டியிருக்கிறது?

அம்மா படத்தில் இருந்தால் அடுத்த கேள்வி வந்துவிடும். இவர் ஏன் நடைபாதையில் இருக்கிறார்? எத்தனை நாளாக? அந்த அம்மா அதே நடைபாதையில் பிறந்தவர். அவருடைய அம்மா பழைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரி ஒன்றிலிருந்து, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல், கொத்தவால்சாவடிக்கு மூட்டை தூக்க வந்தவர். 1996இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. மார்க்கெட்டுக்குப் புது இடம் கொடுத்தார்கள். அதை நம்பி நடைபாதையில் தங்கியிருந்தவர்களுக்கு இடம் கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. ஊரில் சேரி, நகரத்தில் நடைபாதை. நான் பழகிய குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். நிலம், சாதி, வீடு என்று நீளும் இந்தக் கதை நன்கொடை ரசீதில் அடங்காது. ‘யாருமில்லை’ என்ற ஒரு சொல் அடங்கும்.

அந்தப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அவள் அம்மாவோடு அலைந்தேன். அம்மாவின் சான்றிதழ் கேட்டார்கள், இல்லை. ரேஷன் கார்டு கேட்டார்கள், இல்லை. விசாரிக்க வருவதற்கு முகவரி கேட்டார்கள். நடைபாதையைச் சொன்னேன். சிரித்தார்கள். சாதிதான் மூன்று தலைமுறையாக அவர்களை அங்கே உட்கார வைத்திருக்கிறது. அந்தச் சாதியைச் சான்றிதழில் எழுதிக்கொடுக்க மட்டும் முகவரி வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. போராடிப் பெற்ற உரிமைகள் எல்லாம் அந்த நடைபாதைக்கு வரும்போது காகிதம் இல்லாமல் நின்றுவிடுகின்றன. மிஞ்சுவது தர்மம் மட்டும்தான்.

பள்ளியிலும் இதே கதை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்று சொல்லி எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. படிப்பு விட்டுப்போன குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. நாங்கள் போன பள்ளியில் ஆதார் இல்லாமல் விண்ணப்பத்தையே நீட்டவில்லை. சட்டத்தின் நகலைக் காட்டிய பிறகு சேர்த்துக்கொண்டார்கள். அந்த நகல் எடுக்க ஆன செலவு ஆறு ரூபாய்.

அரசே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிடுங்குவதும் உண்டு. 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவே, சத்தியவாணி முத்து நகர் வீடுகளை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அப்படிப் படிப்பை விடும் பிள்ளைக்காக நாளை யாரோ துண்டறிக்கை அடிப்பார்கள். அதிலும் புல்டோசர் இருக்காது.

1932இல், பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு, தீண்டாமை ஒழிப்புக்கென்று ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பின்னாளில் அதுவே அரிஜன் சேவக் சங்கம். மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், நவம்பரில் அதன் செயலாளர் தக்கருக்குக் கடிதம் எழுதினார். மதுவிலக்கு, நூலகம், பள்ளி என்று தனிமனிதர்களைக் கைதூக்கிவிடும் வேலை ஒரு வழி. பொதுக் கிணறு, ஊர்ப் பள்ளி, பொது வண்டி ஆகியவற்றில் குடியுரிமைக்காகப் போராடிச் சூழலையே மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவதில் முழு பலத்தையும் போடுங்கள் என்று கேட்டார். பதில் வரவில்லை என்று அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். சங்கம் எந்த வழியில் போனது என்பது தெரிந்ததுதான். அந்த வழியில்தான் இன்றும் நிதி திரட்டுகிறோம்.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவள். சோற்றில் புழு கிடந்தது, கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தோம். அடுத்த வாரம் அரிசி மாறியது. என் உதவித்தொகைக்காக யாரும் என்னைப் படம் பிடிக்கவில்லை. ‘அன்புள்ள நன்கொடையாளருக்கு’ என்று கடிதம் எழுதச் சொல்லவில்லை. எங்கள் நடைபாதைப் பிள்ளைகளோ வருடத்துக்கு இரண்டு முறை அந்தக் கடிதத்தை எழுதினார்கள். நான்தான் பிழை திருத்தினேன். உரிமையில் குறை இருந்தால் சண்டை போடலாம். தர்மத்தில் குறை இருந்தாலும் நன்றிதான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் பணம் கொடுக்க வேண்டாமா? கொடுங்கள். அரசு வரும்வரை பிள்ளையின் பசி காத்திருக்காது. ஆனால் கொடுக்கும்போது சிலவற்றைக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தீர்கள்? எத்தனை பேருக்குச் சாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் வாங்கினீர்கள்? குடும்பத்தோடு தங்க வீடு கேட்டு எத்தனை மனு போட்டீர்கள்? உங்கள் நிர்வாகக் குழுவில் அந்த நடைபாதையிலிருந்து யார் இருக்கிறார்கள்? நன்கொடைக்கு வரிச்சலுகை தரும்போது, அரசுக்கு வர வேண்டிய பணத்திலும் ஒரு பங்கு அதில் போகிறது. கணக்குக் கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் இருக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். வீடில்லாதவர் வாழும் இடத்தையே முகவரியாக ஏற்று, சான்றிதழ்களை அங்கேயே வந்து கொடுங்கள். ஓட்டுக் கேட்டு அங்கே வரத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் வழி தெரியும்.

அன்று ராத்திரி அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல டீச்சர்.”

துண்டறிக்கையில் பாதி அதற்குள் விநியோகமாகியிருந்தது. மீதியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன், நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை.