காசநோயாளிக்கு எதற்குப் புரவலர்?

எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்க 2002இல் தொடங்கப்பட்ட உலக நிதியம் அடுத்த மூன்றாண்டுகளுக்கு 18 பில்லியன் டாலர் கேட்டது. 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் கிடைத்த வாக்குறுதி 11.34 பில்லியன். நம் தோழர்கள் அமெரிக்காவைத் திட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரியில் இறங்கி நின்றால், குற்றவாளிகள் வெளிநாட்டில் மட்டும் இல்லை என்பது தெரியும்.

முதலில் இந்த 'உதவி' என்ற சொல். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில்தான் 1968இல் பிசிஜி தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவும் அதில் பங்காளிகள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற விடையை உலகத்துக்குத் தந்தது இந்த மக்களின் உடம்பு. அதற்கும் முன்பு, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டும் குணமாகலாம் என்று நிறுவியது. நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு குணமாகிக் காட்டியவர்கள் சென்னையின் ஏழைகள். உலகமே அந்தப் பாடத்தைப் பின்பற்றியது. இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர்?

இங்கே ஒன்றிய அரசு என்ன செய்தது? 2022இல் 'நிக்ஷய் மித்ரா' என்று நோயாளியைத் தத்தெடுக்கப் புரவலர்களைத் தேடியது. பருப்புப் பையும் ஒரு புகைப்படமும். ஊட்டச்சத்துக்கு மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரில்தான் அது 1000 ஆனது.

நோய்க்குச் சாதி இல்லை என்பார்கள். கிருமிக்கு இல்லை, சரி. சாதி கேட்டு வீடு வாடகைக்கு விடும் நாட்டில், காற்று வராத அறை யாருக்கு மிஞ்சும்?

இ.எஸ்.ஐ. விதியைப் படியுங்கள். காசநோய் வந்த தொழிலாளிக்கு இரண்டாண்டு வரை 80 விழுக்காடு கூலி உண்டு. ஆனால் அதற்கு முன் இரண்டாண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பதினோரு மாதத்தில் ஆளை மாற்றும் ஒப்பந்ததாரரிடம் இருப்பவர் அதை எப்படி எட்டுவார்? அவருக்கு அதிகம் போனால் ஆண்டுக்கு 91 நாள், 70 விழுக்காடு. சிகிச்சையோ குறைந்தது ஆறு மாதம். மாத்திரை இலவசம்தான், மீதி மூன்று மாதம் இருமலோடு ஷிப்டுக்குப் போவதைத் தவிர வழி?

அந்த இரண்டாண்டு நிபந்தனையை காசநோய்க்கு நீக்கு. ஆகும் செலவை ஒப்பந்ததாரரிடம் அல்ல, அவருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை நிறுவனத்திடம் வசூல் செய். ஜெனீவாவைக் கேட்பதற்கு முன் டெல்லியிடம் இதைக் கேட்போம்.