கூகுள் இருக்கிறதே, நூலகம் எதற்கு?

புனேயின் கிழக்கு ஓரத்தில் முளா–முட்டா ஆற்றங்கரைக் கிராமமாக இருந்த கராடி, ஈயான் ஐடி பூங்கா வந்தபின் மென்பொருள்காரர்களின் ஊராகிவிட்டது. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் ஸ்மார்ட் போர்டு உண்டா, ரோபோட்டிக்ஸ் உண்டா, கோடிங் எந்த வகுப்பில் ஆரம்பம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். நூலகத்தைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். கேட்டாலும், "கூகுள் இருக்கிறது, இப்போது ஏஐயும் வந்துவிட்டது, லைப்ரரி பீரியடை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்ற பதில் தயாராக இருக்கிறது. கருவியைக் கையில் கொடுத்தால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும், தகவலைத் தேடுவதற்குப் பாடம் எதற்கு, அந்த நேரத்தில் கோடிங் படிக்கட்டும் என்பது அந்தப் பதிலின் உட்பொருள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் தேறாது.

தானே கற்றுக்கொள்ளும் என்பவர்கள் பெரும்பாலும் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவைத் துணைக்கு அழைப்பார்கள். 1999இல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். தெருப்பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே அதை இயக்கப் பழகினார்கள். கதை உண்மைதான். ஆனால் அவரே பின்னர் காளிக்குப்பம் என்ற கிராமத்தில், தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார். டி.என்.ஏ. பற்றிய ஆங்கிலப் பாடங்களைக் கணினியில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர்கள் எடுத்த மதிப்பெண் ஏறத்தாழ 30 விழுக்காடு. அது வியப்புக்குரியதே. ஆனால் அதோடு நின்றும் போனது. பிறகு உயிரியல் தெரியாத ஓர் இளம்பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைத்து, "இது என்ன? இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்கிற மாதிரி கேட்டுக்கொண்டும் பாராட்டிக்கொண்டும் இருக்கச் சொன்னார். மதிப்பெண் 50 விழுக்காட்டை எட்டியது. ஆசிரியர் வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் மனிதரின் சொந்த ஆய்வே, கேள்வி கேட்கிற ஒரு பெரியவரின் விலை என்ன என்பதைக் காட்டிவிட்டது. நல்ல பள்ளி நூலகர் செய்கிற வேலையும் அதுதான். அப்படி யாரையும் நிறுத்தாமல் கருவியை மட்டும் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரு நாடு காட்டியது. லட்சக்கணக்கான மடிக்கணினிகளை அந்த அரசு பிள்ளைகளுக்கு வழங்கியது. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதையும் காணவில்லை.

தேடுவதற்குப் பாடம் எதற்கு என்ற இரண்டாவது நம்பிக்கைக்குக் கராடியின் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு 'எங்கள் ஊர் ஆறு' என்று புராஜெக்ட். 'முளா ஆறு, அணை' என்று தேடினால் ராகுரி அருகேயுள்ள முளா அணை படத்தோடு வந்து நிற்கக்கூடும். ஆனால் அது அகில்யாநகர் மாவட்டத்து ஆறு. பிரவரா நதியில் போய்ச் சேர்வது. புனேயின் முளா வேறு, அதன் அணை முல்ஷியில். இரண்டுக்கும் பெயர் மட்டுமே பொது. தேடல் எந்திரம் இங்கே பொய் சொல்லவில்லை, கேட்டதைத்தான் கொடுத்தது. எந்த முளா என்று கேட்கத் தெரிவது, அந்தப் பக்கத்தில் எந்த மாவட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது, அட்லஸை விரித்து ஆற்றின் கோட்டை விரலால் தொடர்வது, இன்னோர் இடத்திலும் அதே செய்தி இருக்கிறதா என்று ஒப்பிடுவது ஆகியவை நூலகப் பழக்கங்கள். திரையில் செய்தாலும் தாளில் செய்தாலும் பழக்கம் ஒன்றே. ஏஐ இந்தத் தேவையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. இரண்டு ஆறுகளையும் ஒன்றாகக் குழைத்து, பிழையில்லாத வாக்கியங்களில் தந்துவிட்டால் சந்தேகப்படுவதற்கு விளிம்பே தெரியாது.

புத்திசாலிப் பிள்ளைகள் வளர வளர இதைப் பழகிக்கொள்வார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேரையும், அங்கேயே படிக்கும் 25 மாணவர்களையும், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேரையும் இணையப் பக்கங்களை எடைபோடச் சொன்னார்கள். வரலாற்றாசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் பளபளப்பான தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் தங்காமல், அதை நடத்துவது யார் என்று வேறு தளங்களில் விசாரித்து வேகமாகக் கண்டுபிடித்தார்கள். படிப்பும் மூளையும் தாமாகக் கொடுத்துவிடாத ஒரு கைத்திறன் அது. நம் நாட்டில், பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுள்ளோரில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும். அவர்களில் முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்துக்காக அதைத் தொட்டவர்கள் 76 விழுக்காடு, படிப்புக்காக 57. உயர்நிலைப் பள்ளி வரை காத்திருந்தால் பழக்கம் அதற்குமுன் படிந்துவிடும்.

கோடிங் விஷயத்தில் மென்பொருள்காரர்களின் ஊர் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். 2020இல் ஒயிட்ஹேட் ஜூனியர் என்ற கோடிங் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரங்களில் உல்ஃப் குப்தா என்றொரு சிறுவன் வந்தான். கோடிங் கற்று, கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கினானாம். விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயதும் மாறியது, சம்பளமும் மாறியது. அப்படி ஒரு பையனே கிடையாது. விளம்பரத் தர மன்றம் தலையிட்டு அந்நிறுவனத்தின் சில விளம்பரங்களைத் திரும்பப் பெற வைத்தது. இரண்டு விளம்பரங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே குட்டு உடைந்திருக்கும். மூன்றாம் வகுப்பு நூலகப் பயிற்சிக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2026–27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்கப்போவதாக ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. வரட்டும். ஆனால் பொருளடக்கத்துக்கும் பொருளகராதிக்கும் வித்தியாசம் தெரியாத குழந்தைக்கு அது இன்னொரு மந்திரப் பெட்டியாகத்தான் இருக்கும்.

வாசிக்கவே திணறும் பிள்ளையிடம் நம்பகத்தன்மை பற்றிப் பேசுவதா என்ற ஆட்சேபம் கனமானது. அதே அசர் அறிக்கையில், அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் கால்பங்குகூட இல்லை. ஆனால் இது நூலகத்துக்கு எதிரான வாதம் அல்ல. தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சின்னஞ்சிறு கதைப் புத்தகங்களை வகுப்பறைக்கே கொண்டுபோனது. எந்தப் படியில் இருக்கும் குழந்தையும் அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், எழுதியவர் பெயரைத் தேடலாம். வாசிப்பும் தேடலும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியதில்லை.

மிஞ்சுவது செலவு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நாளிதழும் கதைப் புத்தகமும் உள்ள நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது. புத்தகம் வாங்க ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை உண்டு. புத்தகம் வந்துவிடும், ஆள்தான் வருவதில்லை. பூட்டிய அலமாரிக்குச் சாவி வைத்திருப்பவர் நூலகர் ஆகிவிட மாட்டார். கராடியின் தனியார் பள்ளிகள் நூலகரையும் கணினி ஆசிரியரையும் வாரம் ஒரு பீரியட் ஒரே கேள்வியோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் போதும், புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு முதலில் வேண்டியது பயிற்சி பெற்ற நூலகர். இரண்டு பள்ளிக்கு ஒருவர் என்றாலும் சரி, டேப்லெட் வாங்கும் டெண்டருக்கு முன்னால் அந்த நியமனம் நடக்க வேண்டும்.