திருப்பிவிடப்பட்ட விமானமும் திட்டு வாங்கும் விமானியும்

மழைக்காலம் வந்தால் சீத்தா கேம்பில் ஒரு பேச்சு தவறாமல் அடிபடும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரின் விமானம் மும்பையில் இறங்காமல் அகமதாபாத்துக்குப் போய்விட்டது, குழந்தைகளோடு இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள், "விமானி இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்திருக்கக் கூடாதா?" என்பார்கள். இந்தக் கோபம் நியாயந்தானா என்று நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

விமானத்தில் எரிபொருளைக் குத்துமதிப்பாக நிரப்புவதில்லை. ஓடுதளம் வரை ஊர்ந்து செல்ல, ஊர் போய்ச் சேர, எதிர்காற்று போன்ற எதிர்பாராதவற்றுக்குப் பொதுவாக நூற்றுக்கு ஐந்து பங்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக, கடைசியாக அரை மணி நேர இருப்பு. இவ்வளவும் விதிப்படி கட்டாயம். இதற்கு மேல் எவ்வளவு என்பதைத் தலைமை விமானி தீர்மானிக்கிறார். வானிலையையும் போய்ச் சேரும் இடத்து நெரிசலையும் பார்த்தே முடிவெடுப்பார். மும்பை சாந்தாகுரூஸில் இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஆகவே இரண்டையும் தனித்தனியே பயன்படுத்த வழியில்லை. மழை பிடித்துக்கொண்டால் வானில் வரிசை நீண்டுவிடும்.

அப்படியானால் தொட்டி நிறைய நிரப்பினால் என்ன? தண்ணீர்க் குடம் சுமப்பவர்களுக்குப் பாரத்தின் விலை தெரியும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு 1000 கிலோவுக்கும், அதைச் சுமப்பதற்கென்றே மணிக்குச் சுமார் 30 முதல் 40 கிலோ எரிந்துவிடும். இறங்கும்போது எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. நிறுவனத்தின் சிக்கனமும் விமானியின் எச்சரிக்கையும் மோதுவது இந்த இடத்தில்தான்.

கணக்கு பிசகினால் என்ன ஆகும்? 1993 நவம்பர் 15 அன்று சென்னையிலிருந்து ஹைதராபாத் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ், பார்வைத் தெளிவு இல்லாததால் இறங்க முடியாமல் மேலெழும்பியது. இறக்கையின் ஃபிளாப் தகடுகள் உள்ளே மடங்கவில்லை. அவை விரிந்திருந்தால் வேகம் குறையும், எரிபொருள் செலவு கூடும். அந்த நிலையிலேயே சென்னைக்குத் திரும்பியதால் வழியில் எரிபொருள் தீர்ந்து, திருப்பதி அருகே வயலில் இறங்கியது. 262 பேரும் பிழைத்தது பெரும் பேறு.

2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சி வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம் நம்மவர்கள் செல்லும் விமானங்களைப் போன்றதுதான். கொச்சியில் மூன்று முறை முயன்று, திருவனந்தபுரம் சென்று, அங்கும் பலமுறை தவறிய பின்பே தரை தொட்டது. அப்போது மிச்சமிருந்தது 350 கிலோவுக்கும் குறைவு. கட்டாய இருப்பில் பாதிகூட இல்லை!

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே அவியான்கா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் மாண்டனர். எரிபொருள் குறைகிறது என்றார்களே தவிர, "ஆபத்து நிலை" என்ற சொல்லை அவர்கள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவில்லை. கடைசி அரை மணி நேர இருப்பில் கை வைக்க நேரும் என்றால் விமானி "மேடே" என்று அறிவித்தே ஆக வேண்டும் என்பது இன்றைய விதி.

எனவே இரண்டு கருத்துகளை முன்வைக்கிறேன். முதலாவது, கூடுதல் எரிபொருள் கேட்கும் விமானியிடம் எந்த நிறுவனமும் முகம் சுளிக்கக் கூடாது. யார் எவ்வளவு அதிகம் எடுத்தார் என்று பட்டியல் போட்டு ஒப்பிட்டால், அடுத்த முறை அவர் தயங்குவார். அந்தத் தயக்கம் ஆபத்தானது. சில நூறு கிலோ எரிபொருளின் விலை, நம் வீட்டுப் பிள்ளைகளின் உயிருக்கு ஈடாகுமா?

இரண்டாவது, பயணிகளாகிய நமக்கு. வேறு ஊருக்குத் திருப்பும் விமானி கோழையல்லர். கையில் இருப்பு உள்ளபோதே முடிவெடுக்கத் தெரிந்தவர். உணவும் தங்குமிடமும் தகவலும் நிறுவனத்திடம் உரிமையோடு கேளுங்கள். ஆனால் "ஏன் இறக்கவில்லை?" என்று விமானியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தாமதமாக வந்தாலும் பிள்ளை வீடு வந்து சேர வேண்டும் என்பதுதானே நம் எல்லோருடைய வேண்டுதலும்?